பெப்டைடு–டி.என்.ஏ. பிணைப்பு முறைகள்: ஒரு மதிப்பீடு

குறுகிய டி.என்.ஏ. இழையுடன் பெப்டைடைப் பிணைக்க இரு வழிகள் உண்டு. ஒரே திண்மத் தாங்கியின்மேல் இரண்டையும் அடுத்தடுத்து வளர்ப்பது ஒன்று. தனித்தனியே தயாரித்துத் தூய்மையாக்கியபின் இணைப்பது மற்றொன்று. முதல் வழி பார்வைக்குச் சிக்கனமானது. ஆனால், பெப்டைடின் காப்புத் தொகுதிகளை நீக்கும் டிரைபுளூரோஅசிட்டிக் அமிலம் டி.என்.ஏ.வின் அடினீனையும் குவானீனையும் உதிர்த்துவிடும். டி.என்.ஏ.வுக்குத் தேவையான சூடான அம்மோனியாவோ பெப்டைடைச் சிதைக்கக்கூடும். எனவே இரண்டாம் வழியே பெரிதும் கையாளப்படுகிறது.

அதில் மிக எளியது மாலிமைடு–தையோல் வினை. டி.என்.ஏ. முனையில் மாலிமைடும் பெப்டைடில் தையோல் கொண்ட சிஸ்டீனும் இருந்தால், நடுநிலைக் கரைசலில் அறை வெப்பநிலையிலேயே வினை விரைந்து முடியும். குறை பின்னர்தான் வெளிப்படுகிறது: உடலுக்குள் பிணைப்பு மெல்லப் பிரிய, பெப்டைடின் இடத்தைக் குளூட்டதயோன் போன்ற வேறு தையோல்கள் பிடித்துக்கொள்கின்றன. பிணைந்த மாலிமைடு வளையத்தை நீராற்பகுத்துத் திறந்துவிட்டால் இது பெருமளவு நிற்கும். உடலுக்குள் செலுத்தப்படும் மூலக்கூறுகளில் இந்தப் படியைத் தவிர்ப்பது ஏற்கத்தக்கதல்ல. செல்லுக்குள் பிரிய வேண்டும் என்பதே நோக்கமானால், டைசல்பைடுப் பிணைப்பே நேர்மையான தேர்வு.

மற்றொரு வழியான, வேதியியலாளர்கள் மெல்டாலும் ஷார்ப்லெஸும் 2002இல் தனித்தனியே அறிவித்த அசைடு–ஆல்கைன் வினைக்குச் செம்பு வினையூக்கி தேவை. பெப்டைடின் மற்றப் பக்கத்தொகுதிகளை இவ்வினை பெரும்பாலும் தொடுவதில்லை. விளையும் டிரையசோல் வளையமும் உறுதியானது. ஆனால் ஆக்சிஜன் முன்னிலையில் செம்பு உருவாக்கும் ஹைட்ராக்சில் தனிஉறுப்புகள் டி.என்.ஏ. இழையை அறுக்கும். செம்பைப் பற்றிக்கொள்ளும் ஈனிகள் சேதத்தைக் குறைக்குமே தவிர முழுதும் நீக்கா. திரிபுற்ற வளைய ஆல்கைன்கள் செம்பின்றியே வினைபுரிகின்றன. பருமனான, நீர்வெறுக்கும் இணைப்பையும் மாற்றியங்களின் கலவையையும் அவை விட்டுச்செல்கின்றன. இருப்பினும் டி.என்.ஏ.வின் நலம் கருதினால் இவையே மேல்.

எந்த வினையைத் தேர்ந்தாலும் பெரிய இடர் மின்சுமையிலிருந்தே வருகிறது. செல்லுக்குள் நுழையும் பெப்டைடுகள் பல ஆர்ஜினின் மிகுந்தவை, நேர்மின்சுமை கொண்டவை. எதிர்மின்சுமை கொண்ட டி.என்.ஏ.வைச் சந்தித்ததும், சகப்பிணைப்பு உருவாகுமுன்பே இரண்டும் திரண்டு வீழ்படிவாகின்றன. ஃபார்மமைடு, யூரியா, செறிந்த உப்பு ஆகியவை இதைத் தடுக்கும். சில சமயம் பிணையாத பெப்டைடு இழையோடு வெறுமனே ஒட்டிக்கொண்டு, பிணைந்ததுபோல் தோற்றம் தரும். ஆகவே யூரியா ஜெல்லில் பிரித்து, நிறைநிறமாலையில் மூலக்கூறு நிறையைச் சரிபார்க்கும்வரை பிணைப்பு நிகழ்ந்ததாகக் கொள்ள முடியாது.