100 அடிச் சுருளும் 192 அடிக் கோபுரமும்

மடவார் வளாகத்துத் தம்பி ஒருவர் கையில் பழைய போலெக்ஸ் காமிரா வந்து சேர்ந்திருக்கிறது. 16 எம்.எம்., சாவி கொடுத்து ஓட்டுவது, பேட்டரி கிடையாது. 'அண்ணே, மொதல்ல எதை எடுக்கலாம்?' என்றார். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்திலிருந்தவர் சொல்லிவிட்டார்: 'இதென்ன கேள்வி, கோபுரத்தை எடு.'

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரும் எந்தக் காமிராவும் முதலில் அண்ணாந்துதான் பார்க்கிறது. கோபுரம் 192 அடி. தம்பியிடம் இருப்பதோ 100 அடிச் சுருள். நொடிக்கு 24 சட்டகம் என்று ஓட்டினால் 2 நிமிடம் 46 நொடியில் தீர்ந்துவிடும். ஒருமுறை முழுச்சாவி கொடுத்தால் ஏறக்குறைய 28 நொடி ஓடும், அப்புறம் நின்றுவிடும்.

பழைய காமிராவைத் தேடிப்போகும் நண்பர்கள் ஃபிலிமின் துகள், அதன் இதம் என்றெல்லாம் பேசுகிறார்கள். இந்தப் பேச்சைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. துகள்தான் வேண்டுமென்றால் செல்போனில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். ஏக்கம் அழகியலாக உருமாறும்போது, அந்தக் காலத்தில் காமிரா யார் கையில் இருந்தது என்ற கேள்வி நைசாகக் கழன்றுகொள்கிறது.

தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம் பழைய காமிராவில்தான் எடுக்கப்பட்டது. மோட்டார் உதிரிபாக வியாபாரியான நடராஜ முதலியார், புனாவில் ஸ்டுவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரரிடம் தொழில் கற்று, தஞ்சாவூர்ச் செல்வந்தர் ஒருவரிடமிருந்து வில்லியம்சன் காமிராவையும் பிரிண்ட் போடும் கருவியையும் 1,800 ரூபாய்க்கு வாங்கினார். 1917-18 வாக்கில் வந்த 'கீசக வதம்' அதன் விளைவு. விராடன் அரண்மனையில் வேலைக்காரியாக இருக்கும் திரௌபதியைக் கீசகன் துரத்துகிறான், பீமன் அவனைக் கொல்கிறான். வேலைசெய்யும் இடத்தில் ஒரு பெண்ணுக்கு நேரும் வன்முறைதான் கதை. தலைப்பில் அவளுக்கு இடமில்லை. படத்தின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவும் இல்லை.

உலக சினிமாவின் தொடக்கமும் இப்படித்தான். 1895இல் லூமியேர் சகோதரர்கள் லியோனில் தங்கள் சொந்தத் தொழிற்சாலை வாசலில் காமிராவை நிறுத்தி, வெளியே வரும் தொழிலாளர்களை எடுத்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காமிரா நின்ற இடமோ முதலாளி குறித்த இடம். சரியாக நூறாண்டு கழித்து, 1995இல் ஹாருன் ஃபரோக்கி இந்தக் காட்சியையே மையமாக்கி ஒரு படம் செய்தார். தொழிலாளி வேலையை விட்டு வெளியே வந்தபிறகுதான் சினிமாவுக்கு அவர்மேல் அக்கறை பிறக்கிறது என்பது அவர் கண்டது.

மடவார் என்றால் பெண்கள். பெண்களின் பெயர் தாங்கிய இந்த இடத்தைச் சுற்றி என்ன இருக்கிறது? ராஜபாளையத்துப் பஞ்சாலைகள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள், சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ்கள். அந்தத் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் கிடந்த குழந்தைகளைப் பற்றிச் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' 1990இல் வந்தது. முக்கியமான படம். ஆனால் எடுத்தவர் கர்நாடகத்திலிருந்து வந்தவர். பட்டாசு சுற்றிய கைகள் ஏன் காமிராவைத் தொடவே இல்லை? ஃபிலிம் விலை அப்படி. ஆகவே பற்றாக்குறையைப் புனிதப்படுத்த வேண்டாம். யார் பேசலாம், யார் கூடாது என்பதை அது எத்தனையோ காலம் தீர்மானித்திருக்கிறது.

அப்படியானால் இந்த இரும்புப் பெட்டி இப்போது எதற்கு? ஒரே ஒரு காரணம் எனக்குப் படுகிறது. செல்போன் கேட்காமலே எடுத்துவிடும், வேண்டாததைப் பிறகு அழித்துக்கொள்ளலாம். 28 நொடிதான் என்றால் எடுப்பதற்கு முன்னால் உட்கார்ந்து பேசியாக வேண்டும். எந்த 28 நொடி என்று தீர்மானிப்பது யார்? காமிராக்காரர் தனியாகத் தீர்மானித்தால் லூமியேர் கதைதான். எடுக்கப்படுபவரும் சேர்ந்து தீர்மானித்தால், காமிராவை வாங்கிக்கொண்டு அவரே எடுத்தால், வேறு ஏதாவது நடக்கக்கூடும்.

வேலையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் காலாவதியான சுருளை ஓட்டிப் பழக வேண்டும். ஸ்பிரிங் கடைசிவரை ஒரே வேகத்தில் ஓடுகிறதா, லென்ஸில் பூஞ்சை ஏறியிருக்கிறதா, துளைகள் கிழிகின்றனவா என்று பார்க்க வேண்டும். நிழலில் சுருள் மாட்ட வேண்டும், முதல் சில அடிகள் வெளிச்சம் பட்டு வீண்தான். சென்னையின் பழைய பெரிய லேப்கள் ஃபிலிம் கழுவுவதை விட்டுவிட்டன. கறுப்பு வெள்ளையில் தொடங்கினால் இருட்டறையில் நாமே கழுவலாம். செலவை நாலு பேர் பங்குபோட்டுக்கொள்ளுங்கள். எடுத்ததை முதலில் மடவார் வளாகத்துத் தெருவிலேயே வேட்டி கட்டிக் காட்டுங்கள், விழாவுக்கு அப்புறம் அனுப்பலாம்.

தம்பியின் அக்கா மில்லுக்குப் போகிறவர். 'அவங்ககிட்ட கேட்டீங்களா?' என்றேன். யோசித்தார். 'அக்காவுக்கு நைட் ஷிப்டுண்ணே. வெளிச்சம் பத்தாதே' என்றார்.

விடிந்ததும் வருவார் அல்லவா.