தத்துவத்தின் ஆறுதல்: காலம் கடந்த கடவுளும் முன்குறித்தல் விவாதமும்

‘தத்துவத்தின் ஆறுதல்’ ரோமானிய அறிஞர் போத்தியஸ் (பொ.யு. 480 – 524 அளவில்) லத்தீன் மொழியில் எழுதிய நூல். மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்தபோது இதை எழுதினார். கடவுள் எல்லாவற்றையும் முன்னரே அறிந்திருந்தால் மனிதனுக்குச் சுதந்திரம் உண்டா என்ற கேள்வியை நூலின் ஐந்தாம் பகுதி எடுத்துக்கொள்கிறது. கடவுள் காலத்துக்கு வெளியே இருக்கிறார், ஆகவே அவருடைய அறிவு முன்னறிவு அல்ல என்பது அப்பகுதி தரும் விடை. கிறிஸ்தவ இறையியலாளர்கள் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக இவ்விடையை எடுத்தாண்டு வருகிறார்கள்.

இக்கட்டுரை அவ்விடையை விளக்கி மதிப்பிடுகிறது. முன்னறிதல் பற்றிய சிக்கலுக்குப் போத்தியஸ் வலுவான விடை ஒன்றைத் தந்திருக்கிறார். முன்குறித்தல் பற்றிய சிக்கலுக்கு அது விடையாகாது. இரண்டும் ஒன்றே எனக் கொள்வதால்தான் இவ்விவாதத்தில் பெரும்பாலான குழப்பம் நேர்கிறது.

நூலாசிரியரும் சூழலும்

போத்தியஸ் ரோமின் பழைய பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். அரிஸ்டாட்டிலின் தர்க்க நூல்களை லத்தீனில் மொழிபெயர்த்து உரை எழுதினார். திரித்துவம் பற்றிய இறையியல் கட்டுரைகளும் எழுதியுள்ளார். அவர் காலத்தில் இத்தாலியை ஆஸ்திரகோத் அரசர் தியோடரிக் ரவென்னா நகரிலிருந்து ஆண்டார். போத்தியஸ் 510-ல் கான்சல் பதவி வகித்தார். 522-ல் அவருடைய மகன்கள் இருவரும் ஒரே நேரத்தில் கான்சல்கள் ஆயினர். அவரும் அரசவையின் மிக உயர்ந்த நிர்வாகப் பதவிக்கு வந்தார்.

வீழ்ச்சி விரைவில் வந்தது. அல்பினஸ் என்ற செனட்டர் கிழக்கு ரோமப் பேரரசருடன் இரகசியத் தொடர்பு வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார். போத்தியஸ் அவருக்காகப் பேசினார். அதனால் அவர் மீதும் துரோகப் பழி விழுந்தது. அவர் பாவியா நகரில் சிறைவைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மாமனார் சிம்மாக்கஸும் பின்னர் கொல்லப்பட்டார்.

நூலை மதிப்பிட இச்சூழல் தேவை. அரசரின் ஆணை அநியாயம் என்று சொல்ல வேண்டுமானால், அவர் வேறு விதமாக ஆணையிட்டிருக்க முடியும் என்று கொள்ள வேண்டும். அந்த ஆணை கடவுளின் திட்டத்தில் மாற்ற இயலாதபடி இருந்தது என்றால், அநியாயத்தின் பொறுப்பு யாரைச் சேரும்? இக்கேள்வியை எழுப்பியவர் அந்த ஆணையால் சாகப்போகிறவர்.

நூலின் அமைப்பு

நூல் ஐந்து பகுதிகள் கொண்டது. உரைநடையும் செய்யுளும் மாறிமாறி வருகின்றன. சிறையில் அழுதுகொண்டிருக்கும் போத்தியஸிடம் தத்துவம் ஒரு பெண் உருவில் வந்து உரையாடுகிறாள். முதல் மூன்று பகுதிகள் ஊழின் நிலையாமையையும் உண்மையான இன்பம் எது என்பதையும் பேசுகின்றன. நான்காம் பகுதி தீயோர் வாழ்வதும் நல்லோர் தாழ்வதும் ஏன் என்று கேட்கிறது. ஐந்தாம் பகுதி தற்செயல், சுதந்திரம், கடவுளின் அறிவு ஆகியவற்றை ஆராய்கிறது. எழுதியவர் கிறிஸ்தவர். ஆயினும் நூலில் கிறிஸ்துவின் பெயர் ஓரிடத்திலும் வருவதில்லை. வாதம் முழுவதும் பகுத்தறிவின் வழியே நடக்கிறது.

இரு சொற்கள்

தமிழ் வேதாகமத்தில் ரோமர் எட்டாம் அதிகாரத்தைப் படித்தவர்கள் ‘முன்னறிதல்’, ‘முன்குறித்தல்’ என்ற இரு சொற்களையும் அடுத்தடுத்துக் கண்டிருப்பார்கள். முன்னறிதல் அறிவைப் பற்றியது. நடக்கப்போவது கடவுளுக்குத் தெரியும் என்பது அதன் பொருள். முன்குறித்தல் சித்தத்தைப் பற்றியது. யார் மீட்படைவர் என்பதைக் கடவுளே தீர்மானித்தார் என்பது அதன் பொருள்.

போத்தியஸுக்கு முன்பே அகஸ்டின் (354 – 430) பெலேஜியஸுடன் நடத்திய விவாதத்தில் இரண்டாவது சிக்கல் முழு வடிவம் பெற்றுவிட்டது. மனிதன் தன் முயற்சியால் நன்மையின் பக்கம் திரும்ப முடியும் என்றார் பெலேஜியஸ். அந்தத் திரும்புதலே கடவுளின் அருட்கொடை, அது யாருக்கு என்பதைக் கடவுளே தேர்ந்தெடுக்கிறார் என்றார் அகஸ்டின். போத்தியஸ் அகஸ்டினைப் படித்தவர். ஆயினும் ஐந்தாம் பகுதியில் அவர் முதல் சிக்கலை மட்டுமே நேராக எடுத்துக்கொள்கிறார்.

போத்தியஸின் வாதம்

கைதியின் தடை இவ்வாறு அமைகிறது. கடவுளின் அறிவு தவறாது. நான் நாளை செய்யப்போவதை அவர் இன்றே அறிந்திருந்தால், நாளை நான் வேறொன்றைச் செய்ய முடியாது. அப்படியானால் நல்லவருக்கு வெகுமதியும் தீயவருக்குத் தண்டனையும் பொருளற்றவை. தீமைகளும் கடவுளிடமிருந்தே வந்தவை ஆகிவிடும். ஜெபிப்பதற்கும் நம்புவதற்கும் எதுவும் மிஞ்சாது.

தத்துவம் மூன்று படிகளில் விடை சொல்கிறாள்.

முதல் படி: அறிவின் தன்மை அறியப்படும் பொருளை மட்டும் சார்ந்ததல்ல, அறிபவரின் இயல்பையும் சார்ந்தது. ஒரு பந்தின் உருண்டை வடிவைக் கண் ஒரே பார்வையில் காண்கிறது. கை தடவித் தடவி அறிகிறது. பொருள் ஒன்றே, அறியும் முறை வேறு.

இரண்டாம் படி: கடவுளின் இயல்பு நித்தியம். நித்தியம் என்பது முடிவில்லாமல் நீண்டு செல்லும் காலம் அல்ல. முழு வாழ்வையும் பகுதி பகுதியாக அன்றி ஒருசேரக் கொண்டிருக்கும் நிலை அது. நமக்கு நேற்று போய்விட்டது, நாளை வரவில்லை. கடவுளுக்கு எல்லாம் ‘இன்று’. ஆகவே அவர் எதிர்காலத்தை எட்டிப் பார்ப்பதில்லை, நிகழ்வதாகவே காண்கிறார்.

மூன்றாம் படி: காண்பது கட்டாயப்படுத்துவது ஆகாது. ஒருவன் நடப்பதையும் கதிரவன் எழுவதையும் ஒரே நேரத்தில் நான் பார்க்கிறேன். நான் பார்க்கும்போது இரண்டும் நடந்தே தீரும். ஆனால் கதிரவன் இயற்கை நியதிப்படி எழுகிறான், மனிதன் தன் விருப்பத்தால் நடக்கிறான். பார்ப்பதனால் வரும் நிச்சயம் வேறு, இயல்பிலேயே உள்ள கட்டாயம் வேறு.

தாமஸ் அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டில் இவ்வாதத்தை ஏற்றுக்கொண்டார். பாதையில் நடப்பவன் தன் பின்னால் வருபவரைக் காணமாட்டான், உயரத்தில் நிற்பவனோ பாதை முழுவதையும் ஒருசேரக் காண்பான் என்ற உவமையால் அதை விளக்கினார்.

வாதத்தின் வலிமை

தேர்வு அறை ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒரு மாணவன் தவறான விடை எழுதுவதை அறைக் கண்காணிப்பாளர் பார்க்கிறார். அவர் பார்ப்பதால் விடை தவறாகவில்லை. பார்த்த நேரத்தில் அது தவறாக இருந்தது என்பது மட்டும் மாறாத உண்மை. ‘தெரிந்தால் கட்டாயம்’ என்ற முடிவு தர்க்கப் பிழை என்பதைப் போத்தியஸ் தெளிவாகக் காட்டிவிட்டார். இது நிலைத்த சாதனை.

இரண்டு தடைகள்

நவீன காலத்தில் இவ்வாதத்தின் மீது பல தடைகள் எழுப்பப்பட்டன. அவற்றுள் இரண்டு முக்கியமானவை.

முதல் தடையை ஆந்தனி கென்னி 1969-ல் வெளியான கட்டுரையில் எழுப்பினார். ரோம் எரிந்த நேரமும் நித்தியத்துடன் ஒருசேர உள்ளது, நான் எழுதும் இந்நேரமும் நித்தியத்துடன் ஒருசேர உள்ளது என்றால், ரோம் இப்போது எரிகிறது என்றாகிவிடும் என்பது அவர் வாதம். எலினார் ஸ்டம்ப், நார்மன் கிரெட்ஸ்மன் இருவரும் 1981-ல் இதற்கு விடை எழுதினர். நித்தியத்துக்கும் காலத்துக்கும் உள்ள உறவு, காலத்துக்குள் இரு நிகழ்ச்சிகளுக்கு இடையே உள்ள உறவைப் போன்றதல்ல என்றனர். விடை முரணற்றதாகவே தோன்றுகிறது. ஆனால் அந்த உறவு என்ன என்பது பெயரிடப்பட்டதே தவிர முழுதும் விளங்கவில்லை.

இரண்டாவது தடை தீர்க்கதரிசனம். சேவல் கூவுமுன் பேதுரு மறுதலிப்பான் என்று இயேசு முந்திய இரவே சொன்னார் என்பது சுவிசேஷச் செய்தி. கடவுளின் அறிவு காலத்துக்கு வெளியே இருக்கலாம். அது மனிதர் காதில் சொல்லப்பட்டதும் காலத்துக்குள் வந்துவிடுகிறது. பேதுரு மறுதலிக்கும் முன்பே அந்தச் சொல் கடந்த காலமாகிவிட்டது. கடந்ததை மாற்ற இயலாது என்றால் கைதியின் பழைய தடை அப்படியே திரும்பி வருகிறது. ‘எல்லாம் அவருக்கு இன்று’ என்ற விடை இங்கே போதவில்லை.

நான்காம் பகுதி சொல்வது

மிகப் பெரிய குறை நூலுக்குள்ளேயே இருக்கிறது. ஐந்தாம் பகுதியில் கடவுள் காண்பவர். நான்காம் பகுதியில் அவர் கலைஞர். கைவினைஞன் ஒருவன் செய்யப்போகும் பொருளை முழுமையாக மனத்தில் கண்டு பிறகு படிப்படியாகச் செய்வதுபோல, கடவுள் எல்லாவற்றையும் திட்டமிட்டு நடத்துகிறார் என்று தத்துவம் அங்கே சொல்கிறாள். திட்டம் கடவுளின் மனத்தில் இருக்கும்போது அது பராமரிப்பு. காலத்தில் விரியும்போது அதுவே ஊழ்.

இவ்விரு படிமங்களும் எளிதில் பொருந்துவதில்லை. கண்காணிப்பாளர் பார்ப்பதால் விடை தவறாகவில்லை என்பது சரி. ஆனால் அவரே பாடம் நடத்தியவர், அவரே வினாத்தாள் தயாரித்தவர், யார் தேற வேண்டும் என்பதையும் தேர்வுக்கு முன்பே தீர்மானித்தவர் என்றால், ‘நான் வெறுமனே பார்த்தேன்’ என்று அவர் சொல்ல முடியாது. மேலும், காலத்தில் நடக்கும் நிகழ்ச்சிகள் கடவுளின் நித்திய அறிவுக்குக் காரணமாவது பொருந்தாது என்று போத்தியஸே ஐந்தாம் பகுதியில் மறுக்கிறார். நிகழ்ச்சி அறிவுக்குக் காரணம் அல்ல என்றால், அறிவு எங்கிருந்து வருகிறது? கடவுளின் சித்தத்திலிருந்து என்றால் நாம் முன்குறித்தலுக்கே வந்து சேர்கிறோம்.

வரலாறும் இதையே காட்டுகிறது. கடவுள் காலம் கடந்தவர் என்று ஏற்ற அகஸ்டின் முன்குறித்தலைப் போதித்தார். ஜான் கால்வின் ‘கிறிஸ்தவ மத நிறுவனங்கள்’ நூலின் மூன்றாம் பகுதியில், எல்லாம் எப்போதும் கடவுளின் கண்முன் நிகழ்காலமாகவே உள்ளன என்று போத்தியஸைப் போலவே எழுதுகிறார். அதே இடத்தில், சிலர் வாழ்வுக்கும் சிலர் அழிவுக்கும் குறிக்கப்பட்டனர் என்றும் போதிக்கிறார். ஆக, நித்தியம் பற்றிய கொள்கை சுதந்திரத்தை ஆதரிப்பவருக்கும் முன்குறித்தலை ஆதரிப்பவருக்கும் பொது. அதைக் கொண்டு இவர்களுக்கிடையே தீர்ப்புச் சொல்ல முடியாது.

விவாதத்தின் விலை

இது வெறும் சொற்போர் அல்ல. நெதர்லாந்தில் ஆர்மினியஸ் (இறப்பு 1609) கால்வினியப் போதனையைத் திருத்த முயன்றார். கடவுள் யார் விசுவாசிப்பர் என்று முன்னறிந்தே தேர்ந்தெடுத்தார் என்றார். அவருடைய சீடர்கள் 1610-ல் ஐந்து அம்ச விண்ணப்பம் அளித்தனர். 1618 – 1619-ல் கூடிய டோர்ட் திருச்சபைப் பேரவை அதை நிராகரித்தது. விண்ணப்பத் தரப்பைக் காத்து நின்ற அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட், 1619 மே மாதம் தம் 71-ஆம் வயதில் தலை வெட்டப்பட்டு இறந்தார். அதற்கு அரசியல் காரணங்களும் இருந்தன. ஆயினும் இறையியல் பிளவும் அரசியல் பிளவும் அங்கே பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன.

அண்மைக் காலத்தில் கிளார்க் பின்னாக் உள்ளிட்ட ஐவர் 1994-ல் வெளியிட்ட ‘கடவுளின் திறந்தநிலை’ என்ற நூல் எதிர்த்திசையில் சென்றது. கடவுள் நம்மோடு காலத்தில் உறவாடுகிறார், சுதந்திரமான எதிர்காலச் செயல்கள் இன்னும் முடிவாகவில்லை என்றது. இதனால் ஜெபத்துக்குப் பொருள் எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் தீர்க்கதரிசனத்தை விளக்குவது கடினமாகிறது. வரலாறு நல்ல முடிவை அடையும் என்ற உறுதியும் தளர்கிறது. சிக்கல் இடம் மாறியது, தீரவில்லை.

மதிப்பீடு

மாணவர்கள் இந்நூலை ஐந்தாம் பகுதியிலிருந்து மட்டும் படிப்பது வழக்கம். நான்காம், ஐந்தாம் பகுதிகளைச் சேர்த்துப் படிப்பதே சரியான முறை. அப்போது போத்தியஸ் எதைத் தீர்த்தார், எதைத் தொடாமல் விட்டார் என்பது தெரியும். கடவுளின் அறிவு மனிதனைக் கட்டிப்போடுவதில்லை என்று அவர் நிறுவினார். கடவுளின் சித்தம் கட்டிப்போடுகிறதா என்ற கேள்வியை அவர் விடையளிக்காமல் விட்டார். அகஸ்டினுக்கும் பெலேஜியஸுக்கும், கால்வினியருக்கும் ஆர்மினியருக்கும் இடையே நின்ற கேள்வி அதுதான்.

நூல் தத்துவத்தின் பேச்சோடு முடிகிறது. நம்பிக்கையும் ஜெபமும் வீணல்ல, யாவற்றையும் காணும் நீதிபதியின் முன் நேர்மையாக வாழுங்கள் என்பது அவள் இறுதி அறிவுரை. கைதி அதற்கு மறுமொழி சொல்வதாக நூலில் இல்லை. அவர் நிறைவடைந்தாரா என்பதை வாசகரே முடிவு செய்ய வேண்டும்.