மலையை விட்டு இறங்கிய கட்சி

போடிமெட்டு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் போதும், யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார்: 'தேவிகுளம், பீர்மேடு எல்லாம் நம்மளுதுதான். காமராசர் விட்டுக் குடுத்திட்டாரு.' குளத்தையும் மேட்டையும் வைத்து அவர் அலட்சியமாகச் சொன்னதாக ஒரு வாக்கியம் தேனிப் பக்கத்தில் சொலவடை மாதிரி புழங்குகிறது. எங்கே சொன்னார், யாரிடம் சொன்னார் என்று கேட்பார் இல்லை. ஒரு மனிதரின் வாய் வார்த்தையில் வரலாற்றை முடிச்சுப் போட்டுவிட்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை அல்லவா? தமிழ்த் தேசியச் சொல்லாடலும் இந்தச் சௌகரியத்தை நீண்டகாலமாக அனுபவித்து வருகிறது. ஒரு துரோகி, சில தியாகிகள், பறிபோன நிலம். இந்தக் கதையாடலுக்குள் காணாமல் போவது ஒரு கட்சி: அந்த மலைகளுக்காகத் தடையை மீறிச் சிறை சென்று, பிறகு தன்னைத்தானே கலைத்துக்கொண்ட திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ்.

நம் சூழலில் குழுக்கள் உடைவதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். உடைவில் சண்டை இருக்கும், அறிக்கைகள் இருக்கும், இரண்டு தரப்பும் சுற்றுக்கு விட்ட கடிதங்களாவது மிஞ்சும். கலைப்பு அப்படியல்ல. குறிக்கோள் நிறைவேறிவிட்டது, தாய்க்கட்சியில் இணைகிறோம், ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி. அதோடு சரி. யாருடைய குறிக்கோள் நிறைவேறியது என்ற கேள்வியைக் கேட்க அதற்குப் பிறகு ஒரு கிளை அலுவலகம்கூட இருப்பதில்லை.

கட்சி பிறந்தது 1945 டிசம்பரில், நாகர்கோவிலில். மறுவருடம் இந்தப் பெயரைச் சூடிக்கொண்டது. 1947 செப்டம்பரில் நேசமணி வந்து சேர்ந்த பிறகுதான் அதற்கு வேகம் பிடித்தது. 1948 தேர்தலில் 14 இடங்கள், 1952இல் 8, 1954இல் 12. சின்னக் கட்சிதான். ஆனால் எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை கிட்டாத திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபையில் இந்த எட்டும் பன்னிரண்டும் மந்திரிசபைகளை ஆட்டிவைத்தன. 1953இல் ஏ.ஜே. ஜான் மந்திரிசபை கவிழ்ந்ததற்கு இவர்கள் ஆதரவை விலக்கிக்கொண்டது முக்கியக் காரணம்.

1954இல் வெறும் 19 உறுப்பினர்களை வைத்துக்கொண்டு, காங்கிரசின் வெளி ஆதரவில் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை ஆட்சி அமைத்தார். அந்தக் கோடையில் தேவிகுளம் மலையில் தமிழர்கள் மீது அடக்குமுறை. ஜூலையில் நேசமணியும் மற்றத் தலைவர்களும் தடையை மீறிக் கைதானார்கள். ஆகஸ்ட் 11 அன்று தெற்கே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. சோஷலிஸ்ட் ஆட்சியே மக்களைச் சுட்டால் அப்புறம் என்ன சோஷலிசம், பட்டம் பதவி விலக வேண்டும் என்று கேட்டவர் அதே கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா. கட்சி கேட்கவில்லை. அடுத்த வருடமே அகில இந்திய அளவில் அது பிளந்தது. சுட்டவர்களின் கட்சியும் தேய்ந்துதான் போயிற்று. அது வேறு கதை.

கவனிக்க வேண்டியது இதைத்தான்: மலைக்காக எழுந்த போராட்டத்தின் குண்டு சமவெளியில் விழுந்தது. கல்குளம், விளவங்கோடு ஜனங்கள் தாங்கள் பார்த்தேயிராத தேயிலைக்காட்டுத் தமிழனுக்காக ரத்தம் சிந்தினார்கள். அந்த ஒருமைப்பாட்டை யாரும் கொச்சைப்படுத்த முடியாது. எனக்கும் அந்த எண்ணம் இல்லை. என் கேள்வி அந்த ஒருமைப்பாடு எதன்மேல் நின்றது என்பதுதான்.

அது மொழிக் கணக்கின்மேல் நின்றது. இந்தத் தாலுகாவில் தமிழ் பேசுவோர் இத்தனை விழுக்காடு, ஆகவே தாலுகா எங்களுடையது. ஃபசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் அறிக்கை கொடுத்தபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டது. தேவிகுளத்தில் தமிழர் பெரும்பான்மை என்பதை அதனால் மறுக்க முடியவில்லை. மறுக்கவும் இல்லை. ஆனால் இவர்கள் தோட்ட வேலைக்கு வந்துபோகிறவர்கள், நிலைத்த குடிகள் அல்ல என்று ஒரு வாதத்தை வைத்தது. கேரளத்தின் பொருளாதாரத்துக்கு மலை வேண்டும் என்றும் சொன்னது. ஒரே வாக்கியத்தில் ஒரு லட்சியக் கட்சியின் கணக்கு உடைந்தது. இரண்டு தலைமுறையாக லயத்தில் பிறந்து லயத்தில் செத்த ஜனங்கள் 'வந்துபோகிறவர்கள்' ஆனார்கள்.

இதற்கு எதிராக எண்ணிக்கையைத் தவிர வேறு ஆயுதம் கட்சியிடம் இருக்கவில்லை. உழைத்தவனுக்கே காடு என்ற வாதம் இருந்திருக்கலாம். நிரந்தரக் குடியிருப்புக்கும் பட்டாவுக்குமான கோரிக்கை இருந்திருக்கலாம். கட்சியின் மைய முழக்கத்தில் நிலம் என்றால் தாலுகா. தொழிலாளியின் காணி அல்ல. தென் திருவிதாங்கூரின் வக்கீல்கள், நிலமுடையவர்கள், மெல்ல மேலெழுந்துகொண்டிருந்த நாடார் சமூகம், இவர்கள் கட்டிய கட்சி அது. மேட்டுத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பகுதி திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த தலித்துகள். இரண்டு பேரும் தமிழர் என்பது உண்மை. அந்த உண்மை எவ்வளவு தூரம் தாங்கும்?

போடிமெட்டைத் தாண்டி ஏலக்காட்டுக்குள் போனால் இது இன்னும் துலக்கமாகும். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கம் எத்தனையோ எஸ்டேட்டுகளுக்கு முதலாளி போடியிலோ கம்பத்திலோ இருக்கிற தமிழர். களை எடுக்கிறவளும் காய் பறிக்கிறவளும் தமிழச்சி. 'அவரு நம்ம ஆளுதான், கூலின்னு வந்தா மட்டும் மலையாளத்தான் கணக்கா பேசுவாரு' என்று ஒரு அம்மா என்னிடம் சொல்லிச் சிரித்தார். மொழிவழிக் கட்சி இந்தச் சிரிப்பை என்ன செய்யும்?

எதிர்த்தரப்பு விவரமாக இருந்தது. பட்டம் தாணுப்பிள்ளையின் அரசு சமவெளி மலையாளிகளுக்கு ஆளுக்கு ஐந்து ஏக்கர் என்று மலையில் குடியேற்றத் திட்டம் கொண்டுவந்தது. நெடுங்கண்டம் அருகே பட்டம் காலனி என்ற பெயர் இன்றும் அதற்குச் சாட்சி. கட்சி தலைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது அரசு நிலத்தை அளந்து கொடுத்துக்கொண்டிருந்தது.

1956 நவம்பர் 1. நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையில் ஒரு பகுதி வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில். திருவிதாங்கூரே இல்லாதபோது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் எதற்கு? கட்சி காங்கிரசில் கரைந்தது. வெளியிலிருந்து பார்த்தால் நியாயமான முடிவுதான். ஆனால் அந்த முடிவு ஜெயித்தவர்களின் முடிவு. சட்டசபைக்கு ஆள் அனுப்பிய தேவிகுளத்துக்காரனுக்குக் கட்சி இப்போதுதான் தேவைப்பட்டது, வேற்று மாநிலத்தில் சிறுபான்மையாக, பள்ளிக்கூடத்துக்கும் ரேஷனுக்கும் குடியிருப்புச் சான்றுக்கும். சரியாக அந்தத் தருணத்தில் கட்சி மலையை விட்டு இறங்கிவிட்டது.

துரோகக் கதை சொல்பவர்களுக்கு ஒரு சின்னச் சங்கடம். 1968இல் நேசமணி காலமானார். காலியான நாகர்கோவில் நாடாளுமன்றத் தொகுதியில் 1969 இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தவர் காமராசர். மலையை 'விட்டுக்கொடுத்தவரை' மலைக்காகக் குண்டடிபட்ட மண்ணே தேர்ந்தெடுத்தது. மலை அவர்கள் நினைவிலிருந்து எப்போதோ நழுவியிருந்தது என்றுதான் இதை நான் வாசிக்கிறேன். அதே கட்சியிலிருந்த தாணுலிங்க நாடார் காங்கிரஸ் வழியாகப் பயணித்து, பின்னாளில் இந்து முன்னணித் தலைவரானார். கலைந்த கட்சியின் ஆட்கள் எங்கெங்கே போய்ச் சேர்கிறார்கள் என்பதற்கு ஒரு தனி ஆய்வே தேவைப்படும்.

மலையில் உண்டான வெற்றிடத்தைச் செங்கொடி நிரப்பியது. 1957இல் தேவிகுளத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வென்றார். அந்தத் தேர்தல் செல்லாது என்று ஆகி 1958இல் இடைத்தேர்தல் வந்தபோது, பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் மலையேறிப் போய்த் தமிழில் பாடி ஓட்டுக் கேட்டார். மறுபடியும் ரோசம்மா. மொழிக் கட்சி சேர்க்காததைச் சங்கம் சேர்த்தது: கூலியை. ஆனால் சங்கமும் காலப்போக்கில் இன்னொரு கங்காணி ஆனது. 2015 செப்டம்பரில் மூணாற்றின் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் எல்லாச் சங்கத் தலைவர்களையும் ஒதுக்கி நிறுத்தி, போனசுக்காகத் தாங்களே சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்ற அந்த அமைப்பு உள்ளாட்சித் தேர்தலில்கூடச் சில இடங்களை வென்றது. பிறகு அதுவும் பிளந்து தேய்ந்தது.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பதற்றம் வெடித்தபோது, ஏலத்தோட்டங்களில் தாக்கப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் மலைப்பாதைகளில் இறங்கிப் போடிக்கும் தேவாரத்துக்கும் ஓடிவந்தன. கீழே மேடைகளில் 'தேவிகுளத்தை மீட்போம்' என்ற முழக்கம் திரும்பவும் எழுந்தது. ஓடிவந்தவர்களின் கேள்வி வேறாக இருந்தது: 'திரும்பிப் போனா வேலை குடுப்பாகளா?'

தேவிகுளம் இன்று தனித்தொகுதி. 2021இல் அங்கே வென்ற ஏ. ராஜாவின் தேர்தலைக் கேரள உயர் நீதிமன்றம் 2023இல் ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது. மத மாற்றத்தோடு, அவருடைய குடும்பம் 1950க்கு முன்பே மலைக்கு வந்துவிட்டதா என்பதும் வழக்கில் விவாதமானது. பாட்டன் எந்த வருடம் மலையேறினான் என்பதற்குப் பேரன் காகிதம் காட்ட வேண்டியிருந்தது. ஏலக்காட்டு வேலைக்கு ஆட்களை அடைத்துக்கொண்டு விடியற்காலையில் போடியிலிருந்து கிளம்பும் ஜீப்புகள், சோதனைச்சாவடியைத் தாண்டி அங்கிட்டுப் போகின்றன, பொழுது சாய இங்கிட்டு வருகின்றன.