கொட்டலசு அப்பிய மிதவை

‘இன்ஸ்டலேஷன்’ என்றாலே நம்மவர்களுக்குக் கொஞ்சம் பயம். நாலு செங்கல், ஒரு உடைந்த நாற்காலி, பக்கத்தில் புரியாத விளக்கம். சார்ல்ஸ் லிம்மின் ‘ஸீ ஸ்டேட்’ அந்த ரகம் இல்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் சிங்கப்பூருக்காகப் பாய்மரப் படகு ஓட்டியவர். கடலை உடம்பால் படித்தவர். 2015 வெனிஸ் பினாலேயில் அவர் வைத்தவற்றில் எனக்குப் பிடித்தது கொட்டலசு அப்பிய ஒரு மிதவை. அவ்வளவுதான். சஜாஹத் என்ற குட்டித் தீவின் ஞாபகம் அது. (மலாயில் ‘ஜாஹத்’ என்றால் கெட்டது!) கடலைத் தூர்த்து நிலமாக்கியதில் தீவு மறைந்தது, வரைபடத்திலிருந்தும் போய்விட்டது. வீடியோக்கள் கொஞ்சம் நீளம். மிதவையே போதும்.

எங்கள் ஸ்ரீரங்கமும் தீவுதான். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே விபீஷணன் இறக்கிவைத்த விமானம் மறுபடி கிளம்ப மறுத்துவிட்டது என்பது ஸ்தல புராணம். ஆடியில் நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு வந்து காவிரிக்குச் சீர் கொடுக்கிறார். ஆற்றை வீட்டுப் பெண்ணாக அறிவது ஒரு வகை. அதே ஆற்றைக் கைலாசபுரத்து எஞ்சினியர் கன அடியில் சொல்வார். இரண்டும் அறிவுதான், மணல் லாரிக்கு இரண்டுமே கேட்பதில்லை.

சிங்கப்பூர் தன் தீவை மணல் கொட்டித் தொலைத்தது. நாம் கொள்ளிடத்தில் அள்ளுகிறோம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பில் 9 மதகுகள் போயின. பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. மணல் அள்ளியதும் ஒரு காரணம் என்று விவசாயிகள் அப்போதே சொன்னார்கள்.

சரிந்த தூண் ஒன்றைக் கரையில் அப்படியே விட்டிருந்தால் அதுதான் நம்முடைய மிதவை. பாலத்தையே இடித்து அப்புறப்படுத்திவிட்டார்கள்.