காரிகையும் நம் பிள்ளைகளின் காதும்

அமிதசாகரர் என்ற சமண முனிவர் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்த யாப்பருங்கலக் காரிகையைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "அது புலவர்கள் சமாச்சாரம், நமக்கெதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. பெங்களூரில் அரிசி வியாபாரம் செய்யும் எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றிற்று. கவி பாடக் கற்றுத் தரும் நூல் என்பது சரியே. ஆனால் அதைக் காதைப் பழக்கும் நூலாகவும் படிக்கலாம் என்பது என் சிற்றறிவுக்கு எட்டிய கருத்து.

என் பேரனுக்குத் தமிழ் எழுத்து எல்லாம் தெரியும். ஓசைதான் பிடிபடவில்லை. ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஓரிடத்தை அழுத்தி, மற்ற இடங்களை விழுங்கிப் பேசுவது வழக்கம். தமிழில் பொருளைப் பிரித்துக் காட்டுவது அழுத்தம் அல்ல. குறிலா நெடிலா, இடையில் ஒற்று இரட்டிக்கிறதா என்பதே கணக்கு. படம், பாடம், பட்டம் மூன்றும் அவன் வாயில் ஒன்றாகிவிடும். "பாட்டி, பாடம் எடுத்துட்டேன்" என்று ஓடி வந்தான். பார்த்தால் செல்போனில் போட்டோ!

மாத்திரைக்குத் தொல்காப்பியர் சொன்ன அளவு கண்ணிமைப்பும் கைநொடியும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. நொடி போட்டுப் பார்த்தால் பாடத்துக்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசம் கைக்கே தெரியும். வந்தவாசிப் பக்கத்து எங்கள் ஊரில் அப்பா நெல் அளக்கும்போது ஒன்று என்னாமல் 'லாபம்' என்று தொடங்கி ராகம் போட்டு எண்ணுவார். ராகம் இடறினால் எண்ணிக்கை தப்பிற்று என்று அர்த்தம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை ஒப்பித்ததும் இதே தினுசுதான்.

காரிகை சொல்லும் அசை இரண்டே: நேர், நிரை. தனிக் குறிலோ நெடிலோ நேர்; குறில் இரண்டு சேர்ந்தாலும், குறிலோடு நெடில் சேர்ந்தாலும் நிரை. பின்னால் ஒற்று வந்தாலும் அப்படியே. இவற்றை இரண்டிரண்டாகக் கூட்டினால் தேமா, புளிமா, கூவிளம், கருவிளம். 'தேமா' என்னும் சொல்லே நேர் நேர். பெயரும் உதாரணமும் ஒன்றே. கன்னடப் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கும் 'யமாதாராஜபானஸலகம்' என்ற வடமொழிச் சூத்திரமும் இதே சாமர்த்தியம் உள்ளதுதான். ஆனால் அது பொருளில்லாத எழுத்துக் கோவை. மாங்காய் குழந்தைக்குத் தெரிந்த பொருள்.

குறை சொல்லாமலும் இருக்க முடியாது. காரிகைச் செய்யுள்கள் கட்டளைக் கலித்துறை. குணசாகரர் உரை இல்லாமல் பெரியவர்களுக்கே விளங்காது. தளை என்று தொடங்கிவிட்டால் பிள்ளைகள் எழுந்து ஓடிவிடுவார்கள். மூன்று இயல்களில் முதலாவதான உறுப்பியலில், அதுவும் அசை, சீர் வரைக்கும் போதும். நம் போட்டிகளிலோ குரலை உயர்த்திக் கையை ஆட்டுகிறவனுக்குப் பரிசு. அவன் நெடிலைக் குறிலாக்கினால் நடுவர் காதில் விழுவதில்லை. இரண்டு முறை நானே நடுவராக உட்கார்ந்து அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன்.

கர்நாடகத்தில் இருக்கும் நமக்கு இன்னொரு செய்தியும் உண்டு. காரிகை ஒரு பெண்ணை முன்னிலைப்படுத்திச் சொல்லும் நூல். குணகாங்கியம் என்ற கன்னட யாப்பு நூலைப்போல அது அமைந்தது என்று குணசாகரரே எழுதுகிறார். அந்தக் கன்னட நூல் இன்று கிடைக்கவில்லை. 1875இல் கிட்டெல் பதிப்பித்த நாகவர்மனின் சந்தோம்புதியும் மனைவியை விளித்துச் சொல்வதே. பக்கத்து வீட்டாரைப் பார்த்து நல்லதை எடுத்துக்கொள்ள அந்தக் காலத்துப் புலவர்கள் கூச்சப்படவில்லை.

இப்போது பேரனோடு மெட்ரோவில் போனால் இதுதான் விளையாட்டு. கெங்கேரி தேமாங்காய், இந்திராநகர் கூவிளங்கனி என்று விரலை நொடிப்பான். போன மாதம் அல்சூர் வந்தபோது "தேமா" என்றேன். "இல்ல தாத்தா, அறிவிப்புல ஹலசூருன்னு சொல்றாங்க. அது புளிமாங்காய்" என்றான். நொடித்துப் பார்த்தேன். அவன் சொன்னதே சரி.