பழைய மனைகளும் விடுமுறை விருந்தினரும் – ஒரு விமர்சன நோக்கு

கட்டடமொன்று காலத்தைக் கடந்து நிற்பதற்குக் கல்லும் சுண்ணாம்பும் மட்டும் போதா. அதனுள் எவரேனும் அடுப்பு மூட்டவும், கூரை ஒழுகுமிடத்தைக் கண்டு அடைக்கவும் வேண்டும். ஆளில்லா வீடு விரைவிற் பாழாகும் என்பது எவரும் அறிந்ததே. ஆகவே, பழைய கட்டடங்களைப் பேண முனைவோர் யாவரும் ஈற்றில் ஒரே வினாவையே எதிர்நோக்குகின்றனர்: பேணப்பட்ட கட்டடத்தில் யார் இருப்பது? பிரித்தானியாவில் அரை நூற்றாண்டுக்கு மேலாக இவ்வினாவுக்கு அளிக்கப்பட்டு வரும் விடைகளுள் ஒன்று, விடுமுறையிற் குழுக்களாக வந்து தங்குவோருக்கு அவற்றை வாடகைக்கு விடுதல் என்பதாகும். அவ்விடையின் தகுதியையும் எல்லையையும் ஆராய்தல் பயனுடையது.

இம்முயற்சியின் கருத்தியற் பின்னணி பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குரியது. அக்காலத்தில் இங்கிலாந்தின் பழைய தேவாலயங்கள் பல, ‘ஆதி வடிவுக்கு மீட்டல்’ என்ற பெயரிற் பிற்காலத்து வேலைப்பாடுகள் நீக்கப்பட்டுப் புத்துருப் பெற்றன. இதனை எதிர்த்து வில்லியம் மொறிஸ் 1877ஆம் ஆண்டிற் பழைய கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். பல காலத்தவரின் கைபட்டு வளர்ந்ததே கட்டடம். அதற்கு வேண்டியது பழுதுபார்த்தலேயன்றிப் புதுப்பித்தலன்று என்பது அவரது நிலைப்பாடு. 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் இதனை மேலும் வரையறை செய்தது. சமுதாயப் பயனுள்ள தேவையொன்றுக்குக் கட்டடத்தைப் பயன்படுத்துதல் அதன் பேணுகைக்குத் துணைபுரியும் என்பதும், புதிதாகச் சேர்க்கப்படுவது புதியதெனவே அடையாளங் காணப்படவேண்டும் என்பதும் அச்சாசனத்தின் முக்கிய கோட்பாடுகளாம்.

அடுத்த ஆண்டிலே, 1965இல், சேர் யோன் ஸ்மித்தும் அவர் துணைவியார் கிறிஸ்ரியன் ஸ்மித்தும் லாண்ட்மார்க் நம்பிக்கை நிதியத்தை நிறுவினர். பிறர் பொறுப்பேற்க விரும்பாத கோபுர வாயில்கள், ஆலைகள், தோட்ட மண்டபங்கள் போன்றவற்றை ஏற்றுச் செப்பனிட்டு, தங்குவோர் செலுத்தும் வாடகையைக் கொண்டு பராமரித்தல் இதன் வழிமுறையாகும். இன்று ஏறத்தாழ 200 கட்டடங்கள் இதன் பொறுப்பிலுள்ளன. இவ்வில்லங்களில் தொலைக்காட்சி வைக்கப்படுவதில்லை. அவ்விடத்தோடு தொடர்புடைய நூல்களும், கட்டடத்தின் வரலாற்றுக் குறிப்பும், தங்கிச் செல்வோர் எழுதும் ஏடும் வைக்கப்படுகின்றன. பார்த்துவிட்டுச் செல்வதற்கும் வாழ்ந்து அறிவதற்குமுள்ள வேறுபாட்டை நிறுவனத்தார் உணர்ந்திருந்தமைக்கு இவை சான்றாகும்.

இவ்வழிமுறையின் சிறந்த கலைவெற்றி வோறிக்சயரிலுள்ள அஸ்ற்லி கோட்டையாகும். மத்திய காலத்தில் தோன்றிய இக்கோட்டைமனை 1978இல் தீக்கிரையாகிக் கூரையிழந்து சிதைந்தது. முழுவதையும் பழையபடி கட்டியெழுப்புதல் பொய்மையாகும். அப்படியே விட்டுவிடுதல் அழிவாகும். விதர்போர்ட் வாற்சன் மான் எனும் கட்டடக்கலைஞர் குழுவினர் மூன்றாவது வழியொன்றைக் கண்டனர். எஞ்சிய கற்சுவர்களோடு புதிய செங்கற் சுவர்களை இணைத்து, சிதைவின் ஒரு பகுதியை வானந்திறந்த முற்றமாகவே விட்டு, மறுபகுதியில் எண்மர் தங்கும் இல்லமொன்றை அமைத்தனர். படுக்கையறைகள் கீழ்த்தளத்திலும், யாவரும் கூடும் மண்டபம் மேற்றளத்திலும் உள்ளன. பழைய கல் எங்கே முடிகின்றது, புதிய செங்கல் எங்கே தொடங்குகின்றது என்பது மறைக்கப்படவில்லை. 2013ஆம் ஆண்டு ஸ்ரேர்லிங் பரிசு இதற்குக் கிடைத்தமை பொருத்தமானதே. பழைமையை நடிக்காது பழைமையோடு உறவாடும் இக்கட்டடம், மொறிஸின் கொள்கைக்குத் தக்கதொரு செயல்விளக்கம் எனலாம்.

ஆயினும், வடிவத்தின் நேர்மை பயன்பாட்டின் நேர்மைக்கு உத்தரவாதமாகாது. சறே மாவட்டத்திலுள்ள கொடார்ட்ஸ் எனும் மனை இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது. எட்வின் லற்றியென்ஸ் இதனை 1898க்கும் 1900க்குமிடையில், பிரெடெரிக் மிறியெலீஸ் என்னும் செல்வரின் வேண்டுகோளுக்கிணங்க, குறைந்த வருவாயுடைய பெண்கள் வந்து இளைப்பாறுவதற்கென அமைத்தார். இரு குடில்களையும் அவற்றுக்கிடையே ஒரு பொதுக்கூடத்தையும் கொண்டது ஆதி அமைப்பு. பொதுக்கூடமே இம்மனையின் உயிர்நிலை. அறிமுகமில்லாத பெண்கள் ஒன்றுகூடி உரையாடவென எழுந்த இடம் அது. 1910இல் மனை விரிவாக்கப்பட்டு அச்செல்வரின் குடும்ப இல்லமாயிற்று. இன்று லாண்ட்மார்க்கினூடாகப் பன்னிருவர் தங்கும் விடுமுறை இல்லமாக விளங்குகின்றது.

மேலோட்டமாக நோக்கின், விடுமுறைக்கெனப் பிறந்த வீடு மீண்டும் விடுமுறைக்கே திரும்பியுள்ளது. ஆழ்ந்து நோக்கின், திரும்பியது செயலேயன்றி அச்செயலின் சமூக உள்ளடக்கமன்று. அன்று வந்தோர் விடுமுறைக்கு வழியற்றோர். இன்று வருவோர் அதற்கு வழியுடையோர். அன்று அந்நியர் பொதுக்கூடத்திலே தோழியராயினர். இன்று முன்னரே உறவும் நட்பும் கொண்ட குழுவொன்று முழு வீட்டையும் தனக்கெனப் பெற்றுக்கொள்கின்றது. சுவரும் கூரையும் செம்மையாகப் பேணப்பட்டுள்ளன. அவற்றை எழுப்பிய நோக்கம் வரலாற்றுக் குறிப்பிலே இடம்பெறும் செய்தியாகிவிட்டது.

டாபிசயரின் குரொம்போர்டிலுள்ள வடக்குத் தெரு இதற்கு வேறொரு கோணத்தை அளிக்கின்றது. றிச்சர்ட் ஆக்றைற் தம் பஞ்சாலைத் தொழிலாளருக்கென 1770களிற் கட்டிய மூன்றடுக்கு வீடுகளின் வரிசை இது. மேல்மாடத்தின் அகன்ற சாளரங்கள் காட்சிக்காக அமைந்தனவல்ல. தறிக்கு வெளிச்சம் வேண்டியே அமைந்தன. இவற்றுள் ஒன்று இன்று விடுமுறை இல்லமாக உள்ளது. உழைப்பின் தேவையாக வந்த ஒளி ஓய்வின் இன்பமாக மாறிய இவ்விடத்தில், தங்குவோன் அம்மாற்றத்தை உணர்வானாயின் அஃது ஒரு கல்வியாகும். உணரானாயின் வறுமையும் ஓர் அலங்காரமாகிவிடும். ஏனைய வீடுகளில் மக்கள் இன்றும் குடியிருப்பதனால், தெரு முழுவதும் காட்சிப்பொருளாகாது தப்பியுள்ளமை குறிப்பிடத்தக்கது.

பழைமையை விற்பனைப் பண்டமாக்கும் போக்கினை றொபேட் ஹியூவிசன் 1987இல் வெளியிட்ட தம் நூலிலே கடுமையாகக் கண்டித்தார். 1994இல் றபாயெல் சாமுவேல், பழைமை மீதான பொதுமக்களின் ஈடுபாட்டை இவ்வாறு இகழ்தல் தகாதெனவும் அதில் மக்களின் சொந்த வரலாற்றுணர்வு தொழிற்படுகின்றதெனவும் வாதிட்டார். இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. வாடகை இன்றேல் அஸ்ற்லியின் சுவர்கள் இன்று மண்மேடாகியிருக்கக்கூடும். பலர் கூடிப் பங்கிடுவதாற் பெரிய மனையின் வாடகை தலைக்குக் குறைவதும் மெய்யே. கட்டணமின்றிப் பொதுமக்கள் பார்வையிடும் நாட்களும், அறநிறுவனங்களினூடாகச் சிலருக்கு இலவசமாகத் தங்கும் வாய்ப்பும் வழங்கப்படுகின்றன. எனினும் இவை கொடையாக வருவனவேயன்றி உரிமையாக அமைவனவல்ல.

எனவே, பேணுகையை மதிப்பிடுவோர் கல்லின் நேர்மையோடு நின்றுவிடலாகாது. வெனிஸ் சாசனம் குறித்த ‘சமுதாயப் பயன்’ என்னும் அளவுகோல், அக்கட்டடம் எவர்க்காக எழுந்ததோ அவர்தம் வழிவந்தோருக்கு அங்கு எத்தகைய இடமுண்டு என்பதையும் அளத்தல் வேண்டும். அவ்வாறு அளக்குமிடத்து, அஸ்ற்லி கட்டடக்கலையின் உயர்ந்த சாதனையாகவே நிற்கும். கொடார்ட்ஸோ இன்னும் நிறைவேறாத பணியாகும். அதன் பொதுக்கூடத்தில் ஆண்டின் சில வாரங்களாயினும், முதலில் எவருக்கென அது கட்டப்பட்டதோ அத்தகைய பெண்கள் உரிமையோடு அமர்வாராயின், அங்கு பழுதுபார்க்கும் வேலை முற்றுப்பெற்றதெனக் கொள்ளலாம்.