"முதல்" என்னும் ஒரு சொல்

ஸஃபர் என்னும் அறபுச் சொல் பயணத்தைக் குறிக்கும். திரை விலக்குதல் என்னும் பொருளும் அதன் வேரில் உண்டு. மாந்தரின் இயல்பைத் திரை விலக்கிக் காட்டுவதாலேயே பயணம் அப்பெயர் பெற்றது என்பர் அறபு மொழியறிஞர். பயண நூல்களையும் இந்த அளவுகோல் கொண்டே அளத்தல் தகும்.

டிம் ஸ்லெஸர் எழுதி 1957இல் வெளிவந்த "ஃபர்ஸ்ட் ஓவர்லேண்ட்" என்னும் ஆங்கில நூலை அண்மையில் மீண்டும் படித்தோம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள், இரண்டு லேண்ட் ரோவர் ஊர்திகளில் 1955 செப்டம்பர் 1ஆம் நாள் லண்டனிலிருந்து புறப்பட்டு, 1956 மார்ச் 6ஆம் நாள் சிங்கப்பூரை அடைந்த வரலாறு அது. செயற்கைக்கோள் வழிகாட்டியும் கைப்பேசியும் இல்லாத காலம். நிலப்படமும், வழியில் எதிர்ப்பட்டோரின் வாய்மொழியுமே அவர்களுக்குத் துணை.

நூலின் சிறப்பு அதன் பணிவில் உள்ளது. ஆசிரியர் தம்மை வீரராகக் காட்டிக்கொள்வதில்லை. தம் குழுவின் தவறுகளைச் சொல்லிச் சிரிக்கிறார். இயந்திரம், வழி, படப்பிடிப்பு, பணம் என ஒவ்வொருவரும் ஒரு பொறுப்பை ஏற்றனர். வழிக்கு முன் வழித்துணையைத் தேடு என்னும் அறபுப் பழமொழிக்கு இந்நூல் நல்லதோர் உரை. நம் இளைஞர் இதனைப் படித்தல் நன்று.

ஆயினும் தலைப்பிலுள்ள "முதல்" என்னும் சொல்லிடத்து நமக்கு ஒரு வழக்கு உண்டு.

பயணத்தின் கடினமான பகுதி, அஸ்ஸாமின் லெடோவிலிருந்து பங்சாவு கணவாய் வழியே பர்மாவுக்குள் இறங்கும் சாலை. காடு மூடிக் கிடந்த அச்சாலையைக் கடந்ததே அக்குழுவின் பெருஞ்சாதனை. அச்சாலை அமைந்த வரலாறு யாது? 1942 டிசம்பரில் அமெரிக்கப் படையினர் அதனைத் தொடங்கினர். 1945 பிப்ரவரியில் முதல் வாகன அணி அவ்வழியே சீனத்தின் குன்மிங் நகரைச் சேர்ந்தது. ஏறத்தாழ 15,000 அமெரிக்க வீரர் அங்கு உழைத்தனர். அவருள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். உள்ளூர்த் தொழிலாளர் 35,000 பேர் அளவினர். நோயாலும் நிலச்சரிவாலும் உயிர் நீத்தோர் பலர்.

அச்சாலைக்கும் முன்பே அக்கணவாயை மனிதர் கடந்தனர். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மாவில் வாழ்ந்த இந்தியர் இலட்சக்கணக்கில் தாயகம் நோக்கி நடந்தனர். அவருள் தமிழரும் திரளாக இருந்தனர். ஒரு பகுதியினர் ஹுக்காங் பள்ளத்தாக்கின் வழியே, பெருமழையில், இதே கணவாயை நோக்கி ஏறினர். ஆயிரக்கணக்கானோர் சேற்றிலும் பசியிலும் மடிந்தனர்.

நம் இளமையில் ஊர்ப் பள்ளிவாசல் திண்ணையில் ஒரு முதியவர் அமர்ந்திருப்பார். "பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்" என்று பெரியவர்கள் சுட்டுவர். எவ்வழியே வந்தீர்கள் என்று நாம் ஒருநாளும் கேட்டோமில்லை. அவர் மறைந்தபின் கேட்பதற்கு ஆளில்லை.

1325இல் தாஞ்சியரிலிருந்து புறப்பட்டு, மதுரைக்கும் வந்து சென்ற இப்னு பதூதா, தம்மை வரவேற்ற காழிகள், ஷைகுகள் எத்தனையோ பேரின் பெயர்களைத் தம் ரிஹ்லாவில் பதித்து வைத்தார். தாம் கண்ட ஊர்களோடு அம்மனிதரும் இன்றளவும் நினைக்கப்படுகின்றனர்.

ஆகவே, ஸ்லெஸரின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஊர்தியில் சென்றோருள் முதல்வர் என்னும் அளவில் அத்தலைப்பை ஏற்கிறோம். அவர்களிடம் குறிப்பேடும் நிழற்படக் கருவியும் இருந்தன. ஆதலால் நூல் பிறந்தது. கால்நடையாக வந்தோரிடம் குழந்தையும் மூட்டையுமே இருந்தன. அவர்தம் கதை இன்னும் சில இல்லங்களில் பேரர்களின் நினைவில் எஞ்சியிருக்கலாம். உங்கள் இல்லத்தில் அத்தகைய ஒன்று இருப்பின், ஊர்ப்பெயரும் ஆண்டும் விடாது இன்றே எழுதி வையுங்கள்.